அம்பாசடருக்கும் ரம்பத்துக்கும் ஒரே கூரையா?

கேள்வி: மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 62. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு, அதற்குள்ளேயே வீடு. அப்பா ஓட்டிய 1978 மாடல் அம்பாசடர் புளியமரத்தடியில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அதை நானே பிரித்துச் சரி செய்து ஓட்ட வேண்டும் என்று ஆசை. மர வேலையும் பழகி வருகிறேன். இரண்டுக்கும் சேர்த்து வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி 20-க்கு 15 அடியில், மேற்கு பார்த்த ஷட்டரோடு ஒரு ஷெட் போடலாம் என்று நினைக்கிறேன். வெல்டிங் பட்டறைக்காரர் சதுர அடிக்கு விலை சொல்லிவிட்டார். காருக்கு அடியில் வேலை பார்க்கக் குழி தோண்டலாமா? கரன்ட்டைப் போர் மோட்டார் ரூமிலிருந்து இழுத்துக்கொள்ளலாமா? வாயு மூலையில் (வடமேற்கில்) பழைய மாட்டுக் கட்டுத்தரை காலியாக இருக்கிறது, வண்டி அங்கேதான் நிற்க வேண்டும் என்கிறார் ஜோசியர். நிலம் அண்ணன் பேரும் சேர்ந்த கூட்டுப்பட்டா.

வாசகர், உடுமலை வட்டம்

பதில்:

ஐயா, வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எல்லா அளவையும் மில்லிமீட்டரில் போட்டிருக்கிறீர்கள், ஃபிட்டர் கை தெரிகிறது. ஆனால் அந்தப் படத்தில் காற்று இல்லை. உடுமலைக்காரருக்கு நான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை நம்பித்தான் உங்கள் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தக் காற்றைப் பார்த்தபடி வாசல் வைத்து, தகரக் கூரை போடப் போகிறீர்கள்.

வீடு கட்டுகிறவர் கூரை கீழே விழாமல் இருக்கக் கணக்குப் போடுவார். ஷீட் கூரைக்குப் போட வேண்டியது வேறு கணக்கு, அது மேலே போகாமல் இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் என் மாமனார் தோட்டத்தில் டிராக்டர் நிறுத்த ஒரு ஷெட் போட்டுக் கொடுத்தேன். பைப்பெல்லாம் நல்ல கனம், வெல்டிங் சுத்தம். தூணுக்கு மட்டும் ஒன்றரை அடிக் குழி தோண்டி, கான்கிரீட் ஊற்றி நிறுத்திவிட்டேன். சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழைக்கு முன்னால் அடித்த சூறையில் ஷெட் அப்படியே எழும்பிப் பக்கத்து வாழைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு ஷீட் கூடக் கழலவில்லை. நான்கு தூண்களும் அடியில் கான்கிரீட் உருண்டையோடு, வேரோடு பிடுங்கிய முருங்கை மாதிரி கிடந்தன. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, வாழைக்காரருக்குப் பணத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

கணக்கைப் பாருங்கள். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதியில் ஊருக்கு ஊர் காற்றின் அடிப்படை வேகம் கொடுத்திருக்கிறது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, கோவைக்கும் மதுரைக்கும் 39. உங்களுக்கு 39 என்றே வைத்துக்கொள்வோம், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ அழுத்தம் வருகிறது. அரை மில்லிமீட்டர் கலர் ஷீட்டோ ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ கூடத் தேறாது. காற்று கூரையைத் தாண்டிப் போகும்போது மேலே உறிஞ்சும். மேற்கே ஷட்டர் திறந்திருந்தால் உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆக, ஜோசியர் சொன்ன இடம் எனக்குச் சம்மதம், வாசல் மட்டும் மேற்கே வேண்டாம். அந்த மூலையில் வாயு நிஜமாகவே வருகிறார். ஷட்டரைக் கிழக்கே வையுங்கள். பட்டறைக்கு நிழல் விழாத வெளிச்சம் வடக்கிலிருந்துதான் கிடைக்கும், ஜன்னல்களை அந்தப் பக்கம் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவரில் தலைக்கு மேலே சின்ன வென்டிலேட்டர்கள் போதும்.

வீட்டுச் சுவரை ஒட்டி என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வாடையும் தின்னர் வாடையும் ரம்பச் சத்தமும் நேராகப் படுக்கையறைக்குப் போகும். வீட்டு அஸ்திவாரம் இறங்கி முடித்து வருஷங்கள் ஆகிவிட்டன, புது ஷெட் இனிமேல்தான் இறங்கும். ஒட்டின இடத்தில் விரிசல் விட்டு, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். வீட்டம்மா ஒரு மாதம் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் நீங்கள்தான் ஷெட்டில் படுக்க வேண்டியிருக்கும்.

இனி அளவு. அம்பாசடரின் நீளம் 14 அடிக்குச் சற்று மேல், அகலம் ஐந்தரை அடி. நிறுத்தி வைப்பதற்கு மட்டும் என்றால் 20-க்கு 15 தாராளம். நீங்கள் அதைப் பிரிக்கப் போகிறீர்கள். இரண்டு பக்கக் கதவையும் முழுசாகத் திறந்து, உள்ளே குனிந்து வேலை செய்ய அகலம் 12 அடியாவது வேண்டும். முன்னால் என்ஜினை வெளியே இழுக்க 4 அடி, பின்னால் டிக்கி பக்கம் 3 அடி விட்டால் நீளம் 22 அடி ஆகிவிடுகிறது. கழற்றிய கதவு, பானெட், சீட் எல்லாம் ஒரு வருஷம் எங்கே இருக்கும் என்பதையும் யோசியுங்கள். கார் பிரிந்தால் மூன்று கார் இடத்தை அடைக்கும்.

மர வேலைக்குத் தனிக் கணக்கு. பிளைவுட் வருவது 8-க்கு 4 அடியில். டேபிள் சாவில், அதாவது மேசையில் பொருத்திய ரம்பத்தில், அதை நீளவாக்கில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, மெஷின் ஒரு 3 அடி. அதுவே 19 அடி. அதனால் நான் சொல்வது 30-க்கு 24. கிழக்கிலிருந்து மேற்காக 24 அடி, வடக்கு தெற்காக 30 அடி. அதில் தெற்கே 13 அடி காருக்கு, வடக்கே மிச்சம் மரத்துக்கு. 720 சதுர அடி என்றால் ஒன்றே முக்கால் சென்ட் கூட இல்லை, ஒரு ஏக்கர் தோப்பில் இது பெரிய இடம் கிடையாது. பணம் இடித்தால் ஒரு வழி இருக்கிறது. டேபிள் சாவுக்குச் சக்கரம் போட்டு, கிழக்கே இன்னொரு கதவு வைத்து அதற்கு நேராக நிறுத்திவிடுங்கள். நீளமான கட்டை வாசல் வழியாக வெளியே போய்க்கொள்ளட்டும். அப்படியானால் 26-க்கு 22 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போக வேண்டாம்.

உயரம் பக்கச் சுவரில் 12 அடி. பின்னாளில் இரண்டு தூண் கார் லிஃப்ட் வைக்கும் ஆசை வந்தால் அந்த உயரம் வேண்டும். இன்று தூணை இரண்டடி கூட்டுவது சின்னச் செலவு, நாளைக்குக் கூட்டவே முடியாது.

அந்த 30 அடிப் பக்கத்தில் 10 அடிக்கு ஒரு தூண் என்றால் பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு. நடுத்தூண் ஒன்று 120 சதுர அடிக் கூரையைப் பிடித்து வைத்திருக்கிறது. மேலே சொன்ன அழுத்தம் முழுவதும் அதை இழுத்தால் ஒரு டன் வரும். ஒன்றரை அடிக் கனசதுரமாக ஊற்றும் கான்கிரீட்டின் எடை 230 கிலோதான், என் மாமனார் ஷெட் பறந்த கதை அவ்வளவுதான். நான்கடி ஆழம் தோண்டி, மூன்றடிக்கு மூன்றடி, ஒன்றரை அடி கனத்தில் கம்பி கட்டி ஊற்றினால் கான்கிரீட்டே 900 கிலோ தாண்டும். மேலே இரண்டரை அடி மண்ணை இடித்து நிரப்பினால் இன்னொரு டன். காற்று என்ன செய்தாலும் அது அசையாது. தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள், மண் மட்டத்தில் துருப்பிடிக்கும். தரைக்கு மேல் அரையடி கான்கிரீட் மேடையை நிறுத்தி, தூணின் அடியில் இரும்புத் தகடு (பேஸ் பிளேட்) வைத்து நான்கு ஆங்கர் போல்ட்டில் முடுக்குங்கள். போல்ட் கீழே அடிக் கான்கிரீட் வரை இறங்கி, கம்பியோடு கொக்கி போட்டிருக்க வேண்டும்.

கட்டுத்தரை இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முப்பது நாற்பது வருஷம் மாடு நின்ற இடம். சாணமும் மூத்திரமும் ஊறிய மண் மேலே கெட்டியாகத் தெரியும், கடப்பாரை போட்டால் பொதபொதவென்று இறங்கும். அதன் மேல் அப்படியே தளம் போட்டால் இரண்டாம் வருஷமே நடுவில் குழி விழும். கருப்பு மண் தீர்ந்து கெட்டி மண் தென்படும் வரை வெட்டி எடுங்கள், இரண்டடி வரலாம். எடுத்த மண்ணை வீணாக்காமல் தென்னைக்குப் போடுங்கள், அதைவிட நல்ல எரு கிடைக்காது. குழியில் கிராவல் கொட்டி, அரையடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு ரோலர் அல்லது பிளேட் காம்பாக்டர் ஓட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அடித்துக் காட்டுவார்கள். அந்த இரண்டு நாளும் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

தரை சுற்றுப்புறத்தைவிட ஒன்றரை அடி உயர்ந்திருக்கட்டும். கிராவல் மேல் கறையான் மருந்து, அதன் மேல் கனமான பாலிதீன் ஷீட், பிறகு 6 அங்குலம் எம்20 தரக் கான்கிரீட், 8 எம்.எம். கம்பி 8 அங்குலத்துக்கு ஒன்று. பாலிதீனை மேஸ்திரி வேண்டாம் என்பார். அது இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் தரை வியர்க்கும், உங்கள் உளிக்கும் இழைப்புளிக்கும் துரு ஏறும். ஷட்டரைப் பார்த்து நூறடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் வாட்டம். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு கோடு மறுநாளே கட்டர் வைத்து வெட்டிவிடுங்கள். கான்கிரீட் விரிசல் விடத்தான் செய்யும், அது நாம் வெட்டிக் கொடுத்த இடத்தில் விடட்டும். பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள்.

குழி வேண்டாம். பழைய பட்டறைகளில் பார்த்த பழக்கத்தில் கேட்கிறீர்கள், புரிகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கார்புரேட்டரைக் கழற்றும்போது சிந்துகிற கொஞ்சம் பெட்ரோல் போதும், ஆவி வழிந்து குழிக்குள் தங்கிவிடும். உங்கள் கையில் ஒயர் விளக்கு இருக்கும். பக்கத்திலேயே மரம் அறுக்கப் போகிறீர்கள், தூள் போய் அங்கேதான் சேரும். மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும், மற்ற மாதங்களில் பாம்பு குடியிருக்கும். ஒரு ஜோடி இரும்பு ராம்ப், நான்கு நல்ல ஸ்டாண்டு, படுத்துக்கொண்டு உருள ஒரு பலகை. அம்பாசடர் உயரமான வண்டி, இதுவே போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள் என்று ஃபிட்டருக்கு நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் ஃபிட்டருக்குத்தான். 1,489 சிசி என்ஜினை வெளியே எடுக்கும் நாள் வரும்போது உங்கள் கண் தானாகக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸின் மேல் போகும், எடை தூக்கும் செயின் பிளாக்கை அதில் மாட்டலாமே என்று தோன்றும். இந்த டிரஸ்ஸில் நடுவில் எடை தொங்கவிடக் கூடாது. சக்கரம் வைத்த ஏ-ஃபிரேம் ஒன்று நீங்களே வெல்ட் செய்துகொள்ளுங்கள்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு வேலை என்றால் நடுவில் கூரை வரை ஒரு சுவர் கண்டிப்பாக வேண்டும். மரத்தூள் ஈரமான பெயின்ட்டில் ஒட்டும் என்பதை விடுங்கள், மரத்தூளும் பெட்ரோலும் வெல்டிங் பொறியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேக்குத் தூளில் சிலருக்கு மூச்சு இழுக்கும். தூள் உறிஞ்சும் மெஷினுக்கு முதலிலேயே ஒரு மூலை ஒதுக்குங்கள். பெட்ரோல் கேன், தின்னர், பெயின்ட் எல்லாவற்றுக்கும் ஷெட்டுக்கு வெளியே, நிழலில், பூட்டு போட்ட ஒரு இரும்புப் பெட்டி.

கரன்ட் விஷயத்தில் பதில் ஒரே வரிதான், மோட்டார் ரூமிலிருந்து எடுக்காதீர்கள். அது விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பு. அதில் ரம்பம் ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவில் இரு மடங்கு கட்டணம் போட்டுத் தீட்டிவிடுவார்கள், போர் இணைப்புக்கும் வில்லங்கம் வரும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, என்னென்ன மெஷின் என்று எழுதிக் கொடுத்து, வீட்டு இணைப்பில் லோடு கூட்டுவதா தனி இணைப்பா என்று கேளுங்கள். செய்த கட்டிலையும் மேசையையும் விற்க ஆரம்பித்தால் கட்டண வகையே மாறும், அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து கட்டுத்தரை 150 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். எலக்ட்ரீஷியன் இரண்டரை எம்.எம். ஒயரை எடுத்துக்கொண்டு வருவார். போக வர 90 மீட்டர், அந்த ஒயரின் மின்தடை 0.67 ஓம். 2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது பத்து ஆம்பியர்தான் இழுக்கும், 7 வோல்ட் நஷ்டம் பெரிதில்லை. ஸ்டார்ட் ஆகும்போது 50, 60 ஆம்பியர் இழுக்குமே, அப்போது 40 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். சாயங்காலம் உங்கள் ஊரில் வோல்டேஜ் 200 என்றால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 160. அது சுற்றாமல் உறுமிக்கொண்டே சூடேறும். 16 எம்.எம். அலுமினிய ஆர்மர்டு கேபிள் போட்டால் அந்த நஷ்டம் ஏறத்தாழ பத்து வோல்ட்டில் அடங்கும். இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்குங்கள். என்றைக்காவது யாராவது மண்வெட்டி போடுவார்கள். ஷெட்டுக்குத் தனி எர்த், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம்.

கூரைக்கு வெளிர் நிறக் கலர் ஷீட் போதும். சிமென்ட் ஷீட் மலிவு என்பார்கள், துளை போடும்போதும் உடையும்போதும் கல்நார்த் தூசி பறக்கும், வேண்டாம். மங்களூர் ஓடு குளிர்ச்சிதான், தேங்காய் விழும் தோப்பில் அதற்கு ஆயுள் இல்லை. ஷீட்டாக இருந்தாலும் தென்னையிலிருந்து 20 அடி தள்ளி இருக்கட்டும், மட்டையே 15 அடிக்கு மேல் நீளம். வெக்கைக்கு, முகட்டில் காற்றில் சுற்றும் வென்டிலேட்டர் இரண்டும், ஷீட்டுக்குக் கீழே இன்சுலேஷனும். ஒரு நாளில் 25 மி.மீ. மழை பெய்தால் இந்தக் கூரையிலிருந்து 1,600 லிட்டருக்கு மேல் இறங்கும். கூரை ஓரத்தில் தகர வாய்க்கால் கட்டிக் குழாய் விட்டு ஒரு தொட்டிக்குக் கொண்டு போய்விடுங்கள், இல்லையென்றால் தூணடியில் நீங்கள் இடித்து நிரப்பிய மண்ணை அது வருஷா வருஷம் அரித்துக்கொண்டு போகும். தோப்பு ஓரமாக மின்கம்பி போனால் அதிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் விலகியிருக்க வேண்டும், 33 கே.வி. லைன் என்றால் 2 மீட்டர்.

பட்டறைக்காரரின் சதுர அடி விலையில் தரையும் அடிக் கான்கிரீட்டும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா? பெரும்பாலும் இருக்காது. ஷீட் கனம் 0.50 என்று சொல்லியிருப்பார். பெயின்ட்டோடு சேர்த்தா, பெயின்ட் இல்லாமலா? உங்களிடம் மைக்ரோமீட்டர் இருக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அவர் முன்னாலேயே அளந்து பாருங்கள். பைப்புக்கு அதுவும் தேவையில்லை, தராசு போதும். 100-க்கு 100 சதுர பைப் 4 எம்.எம். கனத்தில் 6 மீட்டர் நீளம் ஏறத்தாழ 70 கிலோ இருக்க வேண்டும். 54, 55 என்று காட்டினால் அது 3 எம்.எம்.

கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் முதலில் செய்ய வேண்டியது பட்டா. கூட்டுப்பட்டா நிலத்தில் அண்ணனிடம் வாய்வார்த்தையில் கேட்டுக் கட்டிவிடாதீர்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், அடுத்த தலைமுறை வரும். பாகப்பிரிவினை பதிந்து, சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்கி, அத்துக்கல் நட்ட பிறகு கடைக்கால் தோண்டுங்கள். சிட்டாவில் நஞ்சையா புஞ்சையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நஞ்சை என்றால் நடைமுறை நீளும். பிறகு வரைபடத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். 2024-இல் வந்த சுயசான்று முறையைச் சிலர் சொல்வார்கள், அது சின்ன மனையில் வீடு கட்டுவோருக்கானது, உங்களுக்குப் பொருந்தாது.

பட்டா வேலை முடிய நாள் ஆகும். தளமும் கூரையும் தை, மாசியில் போட்டால் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கட்டுத்தரையில் முளை அடித்து 30-க்கு 24 நூல் கட்டுங்கள். பேரன்களை வைத்து அம்பாசடரைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து வையுங்கள். டேபிள் சா இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, 8 அடிப் பலகை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி வாருங்கள். எங்கே இடிக்கிறது என்று சுண்ணாம்பில் கோடு போட்டு, அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.